ஒரு சாண் நல்ல தண்ணீர்

அண்ணனுக்குக் காதல் வந்தது ஒரு தண்ணீர்க் கேனால்தான். இன்றைக்கும் அவன் இதை ஒத்துக்கொள்வதில்லை. கேனின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் நான். என்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும். எங்கள் ஊர் திருப்பூருக்கு வடக்கே ஒரு பள்ளத்தின் கரையில் இருந்தது. பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. அப்பா அங்கே சாயப்பட்டறை வைத்திருந்தார். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கும் வேலை. எங்களைப் போல ஊரில் இன்னும் பல பட்டறைகள். எல்லாருடைய சாயத்தண்ணீரும் பள்ளத்தில் இறங்கி, பள்ளத்திலிருந்து மண்ணில் இறங்கி, கடைசியில் பேதம் பார்க்காமல் எல்லாருடைய கிணற்றுக்கும் வந்து சேர்ந்தது. சாயம் துணியில் பிடிப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து லாரி லாரியாக உப்பு வரும். அந்த உப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

நல்ல தண்ணீரைத் தவிர ஊரில் மற்றதெல்லாம் இருந்தது. மழையை நம்பிச் சோளம் விதைத்து, மழை ஏமாற்றினால் கஞ்சி குடித்த ஊர் அது. பத்து வருஷத்தில் மாடி வீடுகளும் கலர் டிவிகளும் வந்துவிட்டன. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், கூலிக்குப் போனவர்கள் பட்டறையில் வாரச் சம்பளம் வாங்கினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கறிக்குழம்பு வாசம் அடிக்கும். வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. எங்கள் ஊரில் மட்டும் அந்த மரியாதை மெல்ல மாறி, கலர் சோடா உடைத்துக் கொடுப்பதாக ஆனது. வெளியூர்க்காரர்கள் அதைச் செல்வச் செழிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்குப் பெருமை தாங்காது. ஏதோ ஒரு விழாவில் யாரோ ஒரு பெரிய மனிதர் ஏற்றுமதியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்லுவார்.

"நாம முக்கற துணி சீமைக்குப் போயி டாலரா திரும்பி வருது. நாடு வளருதுன்னா அதுல நம்ம பட்டறைக்கும் ஒரு பங்கு இருக்குது, தெரியுமா?"

"பங்கு இருக்கட்டுமுங்க," என்பாள் அம்மா. "பருப்பு வேகமாட்டீங்குது."

ஆகவே அண்ணன் சனிக்கிழமை தோறும் இரண்டு காலிக் கேன்களோடு பஸ் ஏறிக் காந்திபுரம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து என் விடுதி வாசலுக்கு வருவான். நான் கேன்களை உள்ளே கொண்டுபோய் நிரப்பி வருவேன். நிறைந்த கேனை ஒருத்தியாகத் தூக்க முடியாது. என் அறைத்தோழி மறுகாதைப் பிடிப்பாள். அவள் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனக்காரர் வீட்டுப் பெண். வரப்புக்கு வரப்பு தண்ணீர் ஓடும் ஊரிலிருந்து வந்தவளுக்கு எங்கள் குடும்பமே ஒரு வேடிக்கை. "நாங்க தண்ணியக் கால்ல ஒதைச்சுக்கிட்டு நடப்போம். நீங்க அதுக்கு பஸ் டிக்கெட் எடுக்கறீங்களா?" என்று முதல் நாளே அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். அண்ணன் கேன் மூடியைத் தவறவிட்டான். மூடி சாக்கடை வரைக்கும் உருண்டு போனது.

அடுத்த மாதத்திலிருந்து புதன்கிழமையும் வர ஆரம்பித்தான். வீட்டில் கேன்கள் வரிசை கட்டி நின்றன. "இத்தன தண்ணிய வெச்சுக்கிட்டு என்ன, நீச்சலா அடிக்கப்போறோம்?" என்று அம்மா கேட்டபோது அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். அம்மாவுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் காதலுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. இரண்டு குடும்பமும் உறவு சொல்லிக்கொள்ளும் இனமாக இருந்துவிட்டால், காதலைக் காதும் காதும் வைத்தாற்போல ஜாதகமாக மாற்றிவிடலாம். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் தற்செயலாகக் கோபிப் பக்கம் போனார். தற்செயலாக ஒரு ஜாதகம் வாங்கி வந்தார். அது தற்செயலாகப் பொருந்தியது. படிப்பு முடிந்த கையோடு என் தோழி எனக்கு அண்ணியாவது என்று நாங்கள் முடிவே செய்துவிட்டோம். இடையில் ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்துபோனோம். அவளுடைய அப்பா.

அவர் தண்ணீர் விஷயத்தில் பெரிய ரசிகர். எந்த ஊருக்குப் போனாலும் தன் வெண்கலச் சொம்பைத் துண்டில் சுற்றி எடுத்துப் போவார். அந்தந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு தீர்ப்பு சொல்லுவார். மூத்த மகளுக்குத் திருப்பூர்ப் பக்கம் வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "உப்புக் காபி குடிச்சுப்போட்டு என்ற மகள் எத்தன நாளைக்கு உசுரோட இருப்பா?" என்று எழுந்து வந்தவர். இளையவளுக்கும் அதே பேச்சுத்தான். வீடு பார்க்க வருகிறேன், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பேன், பிடித்தால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சவரம் செய்வதை நிறுத்தினான். தாடி நன்றாகவே வளரவில்லை, அது வேறு கேவலம். அப்பாவிடம் போய் அம்மா சண்டை பிடித்தாள். பட்டறைக்குப் பின்னால் கழிவுநீர்த் தொட்டி கட்டச் சொல்லி அரசாங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்து வெகுநாளாகியிருந்தது. அப்பா குழி மட்டும் தோண்டினார். அதற்குள் ஒரு பெரிய ஆர்டர் வந்ததால் பணத்தைப் புது மெஷினில் போட்டுவிட்டு, "கட்டலாம், கட்டலாம், இந்த ஆர்டர் முடியட்டும்," என்றார். ஆர்டர்கள் முடிகிற வழியாக இல்லை. காலியாகக் கிடக்கிறதே என்று அம்மா அந்தக் குழியில் பூசணி போட்டுவிட்டாள். அது கொழுகொழுவென்று காய்த்தது.

அந்த நிலையில்தான் நான் சமையலறையில் என் கண்ணாடி டம்ளர் வித்தையைக் காட்டினேன். உப்புக் கரைத்த தண்ணீரில் ஒரு துளி நீலச் சாயம் விட்டு டம்ளரில் பாதிக்கு ஊற்றினேன். அதன் மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டியின் முதுகில் சிறுவாணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கீழே நீலம், மேலே நிறமில்லாத தண்ணீர். இரண்டும் ஒட்டாமல் நின்றன. உப்புத் தண்ணீருக்கு எடை அதிகம், நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், கலக்காமல் விட்டால் அப்படியே இருக்கும் என்று சொன்னேன். ஒரு உறிஞ்சு குழாயை மேலே மட்டும் வைத்து அண்ணன் உறிஞ்சினான். இனித்தது. அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். தலை கிறுகிறுத்தது.

"இதுக்குத்தான் உன்னையப் படிக்க வெச்சமா?" என்றாள் அம்மா.

"இதுக்குத்தான்," என்றேன்.

நல்ல தண்ணீருக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சாயம் சரியாக ஏறாது என்பதால் பட்டறைக்குத் தினமும் அவிநாசிப் பக்கத்திலிருந்து டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை வாங்கி, உப்பும் சாயமும் கலந்து, பள்ளத்தில் விட்டு, மறுநாள் மறுபடி வாங்குவோம். இதில் இருக்கும் கூத்து அதுவரை எங்கள் யாருக்கும் உறைத்ததே இல்லை. ஒரம்பரை வருகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம் இரண்டு டேங்கரைக் கிணற்றுப் பக்கம் திருப்பினோம்.

எங்கள் கிணறு ஊரிலேயே பெரியது. வறண்ட காட்டில் வெட்டிய கிணறு அல்லவா, ஒரு வீட்டையே இறக்கி வைக்கலாம். இரண்டு டேங்கர் ஊற்றினாலும் மேலே ஒரு சாண் உயரத்துக்குத்தான் நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு சாண் கலங்கக்கூடாது. தென்னந்தடுக்கைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, குழாயின் வாயை அதன் மேல் படுக்கவைத்து, பால் காய்ச்சுகிற மாதிரி மெல்ல மெல்லத் திறக்கச் சொன்னேன். டேங்கர் டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க அம்மணி, கெணத்துல இருந்து டேங்கருக்கு ஏத்தறதத்தான் பார்த்திருக்கறேன். டேங்கர்ல இருந்து கெணத்துக்கு ஊத்தற ஊர இப்பத்தானுங்க பார்க்கறேன்," என்றார். விஷயம் என்னவென்று சொன்னதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். யாரும் தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிடக் கூடாது என்று அப்பா ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தவளை குதித்தால்கூட ஆபத்து என்று நான் சொல்லியிருந்ததால் அண்ணன் கிணற்றடியிலேயே காவல் இருந்தான். விடிந்ததும் சவரம் செய்துகொண்டான்.

அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா, தாய்மாமன், பெரியவர்கள் சிலர். தாய்மாமன் நல்ல பருமனான ஆள், வெள்ளகோவில்காரர். கல்யாணத்தில் அவர் பேச்சுக்குத் தனி எடை உண்டு என்பதால் அம்மா அவர் கையில் முதல் கலர் பாட்டிலைக் கொடுத்தாள். அவர் மடக்மடக்கென்று குடித்து முடித்தார். பெண்ணின் அப்பா பாட்டிலைத் தொடவில்லை.

"கலரெல்லாம் எதுக்குங்க. ஒரு வாய் தண்ணி போதும். கெணறு எந்தப் பக்கமுங்க?"

ஊர்வலமாகப் போனோம். அண்ணன் வாளியை விட்டான். ஆழமாக விடாதே, மேலாகச் சாய்த்து மொண்டுகொள் என்று நான் அவனுக்குக் காலையெல்லாம் பழக்கியிருந்தேன். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல வாளியை இறக்கி, ஒரு சலனம் இல்லாமல் தூக்கினான். அவர் துண்டைப் பிரித்துச் சொம்பை எடுத்தார். மொண்டார். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக் கண்ணை மூடினார். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"அட!" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "எளநியாட்ட இருக்குதுங்க! ஆருங்க சொன்னது இந்தப் பக்கம் தண்ணி உப்புன்னு?"

அண்ணன் தரையில் நிற்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஏதோ தானே அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்தவர் போல, "எங்க பெரியவங்க வெட்டுனதுங்க," என்று ஆரம்பித்தார். எனக்கு ஒரே குதூகலம். ஐந்து நிமிஷம் இப்படியே போயிருந்தால் வெற்றிலை பாக்கு மாற்றியிருப்போம். பெண்ணின் அம்மாவுக்குக் காட்ட ஒரு சொம்புத் தண்ணீர் ஊருக்குக் கொண்டு போகிறேன் என்று அவர் சொன்னார். அண்ணன் மறுபடி வாளியைக் கையில் எடுத்தான்.

அப்போதுதான் பொளேரென்று ஒரு சத்தம் கேட்டது.

வேனில் இருந்து இறங்கியதிலிருந்தே தாய்மாமன் எங்கள் கிணற்றை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். வெள்ளகோவிலும் எங்களைப் போல வறண்ட காடு, அகலக் கிணறு. அங்கே நடக்கப் பழகுகிற பிள்ளை அடுத்ததாகப் பழகுவது கிணற்றில் குதிக்கத்தான். நிறையத் தண்ணீர் உள்ள கிணற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிப் போக அந்த ஊர்க்காரர்களால் முடியாது. சட்டையைக் கழற்றி மதில் மேல் போட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, யாரிடமும் சொல்லாமல் மேலிருந்தே குதித்துவிட்டார். தண்ணீர் மதிலுக்கு மேல் எழும்பி விழுந்தது. என் ஒரு சாணும் அதோடு போயிற்று.

ஆள் கொஞ்ச நேரம் மேலே வரவில்லை. குதித்தவர் அடியைத் தொட்டு மண் எடுத்து வந்து காட்டினால்தான் எங்கள் பக்கத்தில் அது குதியலாகச் சேர்த்தி. குபுக்கென்று மேலே வந்தவர், "அடியத் தொட்டுப்போட்டேன் மச்சான்!" என்று கையை உயர்த்தினார். அந்தக் கையில் இருந்த மண் நீலமாக இருந்தது. நீலம் அவர் முழங்கை வரைக்கும் வழிந்தது.

"இதென்னங்க, உங்க ஊர்ல மண்ணு நீலமா இருக்குது?" என்று அவர் கீழேயிருந்து கேட்டார்.

"போன தைக்குப் போட்ட நேவி புளூ ஆர்டர்," என்று அண்ணன் என் காதோரம் முனகினான்.

அதற்குள் பெண்ணின் அப்பா அண்ணன் கையிலிருந்த வாளியை வாங்கித் தானே இறைத்துச் சொம்பை நிரப்பிவிட்டார். பழக்கதோஷம், அதிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது. துப்பினார். மறுபடி வாளி விடச் சொன்னார். மறுபடி குடித்தார், மறுபடி துப்பினார். மதில் ஓரமாக மிதந்த தென்னந்தடுக்கைப் பார்த்தார். மண்ணில் பதிந்திருந்த லாரிச் சக்கரத் தடத்தைப் பார்த்தார்.

"மேல எளநி, கீழ கடலு," என்றார் நிதானமாக. "இந்த வேலைக்கு ஆருங்க வாத்தியாரு?"

அப்பா, அம்மா, அண்ணன், வேடிக்கை பார்க்க வந்த டிரைவர் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். காட்டிக்கொடுப்பதில் மட்டும் எங்கள் வீட்டில் என்ன ஒரு ஒற்றுமை! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"நீ எந்தக் காலேஜு கண்ணு?" என்று அவர் கேட்டார்.

"உங்க மகளோட காலேஜுதானுங்க. ஒரே ரூமு."

"அப்ப அவளுக்கும் இது தெரியுமா?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் கோபத்தில் என் வாய் என்னை முந்திக்கொண்டது. "தடுக்கு மேல ஊத்தச் சொன்னதே அவதானுங்க. நான் கரண்டி வரைக்குந்தான் யோசிச்சேன்."

அவர் மதில் மேல் உட்கார்ந்துவிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து தாய்மாமனின் சிரிப்பு எதிரொலித்தது. "மச்சான்! புள்ளை முடிவு பண்ணிப்போட்டா. நாம சும்மா வேன் வாடகை குடுத்துட்டு வந்துருக்கறோம்!" மல்லாக்க மிதந்துகொண்டே, "தண்ணி உப்புத்தானுங்க. ஆனா மெதக்கறதுக்கு என்ன சொகமா இருக்குதுங்க!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

யார் முதலில் சிரித்தது என்று இன்றைக்கும் தகராறு இருக்கிறது. அம்மாதான் என்று நான் நினைக்கிறேன். அடக்கி அடக்கி வைத்திருந்தது அவளுக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. டிரைவர் சேர்ந்துகொண்டார், பிறகு நான். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சொம்பில் இருந்ததைக் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு மேல நல்ல தண்ணிய மெதக்க வைக்கத் தெரியுது. உப்ப எடுக்கத் தெரியாதா?"

"எடுக்கலாமுங்க. மொதல்ல சாயத்த எடுக்கோணும், அதுக்குத் தொட்டி கட்டோணும். அப்பறம் உப்ப எடுக்கோணும், அதுக்கு மெஷின் இருக்குதுங்க. செலவாகும்."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். எவ்வளவு ஆகும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அப்பா தென்னை மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே பேசினார். "இந்தக் கெணறு தித்திப்பா இருந்தப்ப எங்க வயிறு காஞ்சு கெடந்ததுங்க. இப்ப வயிறு ரொம்பியிருக்குது, கெணறு போயிருச்சு. பட்டறைய மூடிப்போட்டா இந்த ஊர்ல முக்காவாசிப்பேரு மறுபடி கஞ்சிக்குப் போகோணும். நான் என்ன பண்றதுங்க?"

அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"பட்டறைய மூடுங்கன்னு நாஞ் சொல்லலீங்க," என்றார் பெண்ணின் அப்பா. "நான் போட்டிருக்கற பனியனும் உங்க பக்கந்தான் வெளுத்தது. என்ற மகள் வந்தா இந்தக் கெணத்துல எறைச்சுக் குடிக்கோணும். நாங் கேக்கறது அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்தார். "அது வரைக்கும் அவளுக்குக் குடிதண்ணி எங்கூட்டுச் சீரா வாரா வாரம் வரும். நீங்க வேண்டாங்கப்படாது."

அண்ணனுக்கு அந்த நிமிஷத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பெண் கிடைத்துவிட்டாள். அவன் சந்தோஷத்தில் வாளியைக் கிணற்றில் தவறவிட்டான். அப்பாவுக்குத்தான் முழுவதும் கேட்டது. பிறந்த வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. சம்மதித்தே தீர வேண்டும்.

விருந்துக்கு உட்கார்ந்தபோது தாய்மாமனின் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. நல்ல கறுப்பு நிறம் அவருக்கு. தோளிலும் முதுகிலும் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா அவர் இலைக்கு மட்டும் உப்பு வைக்கவில்லை. "எனக்கு வேண்டாமுங்க, இருக்குது," என்று அவரே சொன்னார்.

கல்யாணத்தன்று சீர்வரிசையில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில் மாலை போட்ட ஒரு குடம் வந்தது. தாய்மாமன் தோளில் சுமந்து வந்தார். பாலாக்கும் என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வாய்க்கால் தண்ணீர். அந்த வாரத்திலிருந்து கோபியிலிருந்து குன்னத்தூர் வழியாக வருகிற பஸ்ஸில் இரண்டு கேன் தண்ணீர் வர ஆரம்பித்தது. கண்டக்டர் எங்கள் ஊர் நிறுத்தத்தில் அதை இறக்கிவைத்து விசில் அடிப்பார். சீரை ஆள் விட்டு வாங்கினால் சம்பந்திக்கு மரியாதைக் குறைவு. ஆகவே வெள்ளைச் சட்டையும் மோதிரமுமாக அப்பாவே போய் நிற்பார். எதிரில் டீக்கடை. "ஏனுங்க, சீர் வந்துருச்சுங்களா?" என்று கடையில் இருக்கிற அத்தனை பேரும் அக்கறையாக விசாரிப்பார்கள்.

நோட்டீசுக்கு அசையாத அப்பா அந்த விசாரிப்புக்கு அசைந்தார். அம்மாவின் பூசணிகளைப் பறித்துவிட்டு, குழியில் கொத்தனார்கள் இறங்கினார்கள். ஒரு தொட்டியில் சாயத்தண்ணீர் வந்து விழும், அடுத்ததில் மருந்து கலந்து சாயம் திரிந்து அடியில் தங்கும், அதற்கடுத்ததில் மணலில் இறங்கித் தெளிந்து வரும். படிப்பு முடித்துத் திருப்பூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான் சாயங்காலங்களில் வந்து அளவு சொல்லுவேன். அண்ணி என்னைத் திருத்துவாள். எப்போதும் அவள் கணக்குத்தான் சரியாக இருக்கும். எரிச்சலாக வரும்.

கடைசித் தொட்டியில் முதல் முறையாக நிறமில்லாத தண்ணீர் வந்த அன்று பட்டறையில் வேலை நின்றுபோயிற்று. ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அப்பா ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் நின்ற என் முகம் டம்ளருக்குள் தெரிகிறது என்று கத்தினார். தலைகால் புரியவில்லை அவருக்கு. டம்ளரோடு டீக்கடைக்குப் போனார். நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம்கூடக் காட்டினார். திரும்பி வந்ததும் நான் வாங்கி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"சாயந்தானுங்கப்பா போயிருக்குது. உப்பு அப்படியேதான் இருக்குது."

"இத்தன தெளிவா இருக்குதே!"

"தெளிவா இருந்தா உப்பு இல்லைன்னு ஆகுமாங்க? கடல்கூடத்தான் தெளிவா இருக்குது."

சம்பந்தி தன் சொம்போடு வந்தார். குடித்தார். கண்ணை மூடினார். "கண்ணுக்கு நல்லாருக்குதுங்க. வாய்க்கு இன்னும் வரலே," என்றார். கேன்கள் தொடர்ந்து வந்தன. தொட்டி கட்டியாயிற்று, இதற்கு மேல் என்ன செய்யமுடியும் என்று அப்பா இருந்துவிட்டார். உப்பு மெஷின் பேச்சை நான் எடுக்கும்போதெல்லாம் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தன. இன்னொரு பெரிய சாய மெஷின் வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்.

அண்ணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய், ஐந்தாம் மாதம் குழந்தையோடு திரும்பி வந்தாள். கார் அனுப்புகிறோம் என்றதற்கு, வழக்கமான பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன், கேனுக்கும் ஆயிற்று என்றாளாம். அப்பா ஒரு மணி நேரம் முன்னாலேயே நிறுத்தத்துக்குப் போய்விட்டார். பஸ் நின்றதும் பழக்கத்தில் கண்டக்டர் முதலில் கேனைத்தான் நீட்டினார். "யோவ், அதைய அக்கட்டால வெய்யி! என்ற பேத்தியக் குடு!" என்று அப்பா போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

வீட்டுக்குக்கூட அப்பா பேத்தியை நேராகக் கொண்டு வரவில்லை. பட்டறையைக் காட்டினார். மெஷின்களைக் காட்டினார். தொட்டி தொட்டியாக நின்று விளக்கம் சொன்னார். அவள் எச்சில் ஒழுக எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் கிணற்றடிக்கு வந்தார். நானும் அண்ணியும் பின்னாலேயே போனோம். "இது உன்ற கெணறு, அம்மணி," என்றார் அவளிடம். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பது வழக்கம். அண்ணனுக்கு வைத்தார்கள், எனக்கும் வைத்தார்கள். மதில் மேல் இருந்த வாளியில் அப்பா விரலை நனைத்தார். சந்தோஷத்தில் அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

அண்ணி மெதுவாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அது வேண்டாமுங்க. கேன் தண்ணி இருக்குதுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மரியாதைக் குறைவாகவும் சொல்லவில்லை. அப்பாவின் விரல் நுனியில் அந்தத் துளி அப்படியே நின்றது. அதைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

புது மெஷின் விற்கிறவர் விலைப்பட்டியலோடு காத்திருக்கிறார் என்று அண்ணன் வந்து சொன்னான். அப்பா என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"உப்பு எடுக்கற மெஷின்னு என்னமோ சொல்லுவியே, அது எவ்வளவு ஆகும்?"

அந்தக் கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லும்படி தொகையை மனப்பாடமாக வைத்திருந்தேன். கேட்டுவிட்டார் என்றதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டச் சிரிக்கிறேன், தொகை மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. அண்ணியும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஏன் என்று தெரியாமலே குழந்தையும் கெக்கெக்கே என்றது.

"சிரிக்காம சொல்லு, கண்ணு," என்றார் அப்பா, கையிலிருந்த பேத்தியைக் காட்டி. "இவ கேக்கறா."